அமுதம் என்று யாரும் இல்லை

கைலாசநாதன் சென்னையிலிருந்து வந்தவர். 1988இல் காரைக்காலில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்த முதலாளி அவரை எஞ்சினியர் என்று கூப்பிட்டார், அவரும் மறுக்கவில்லை. அவர் எழுதிய புரோகிராமில் ஒரு பகுதிக்கு லைப்ரரி என்று பெயர். புத்தகம் ஒன்றும் கிடையாது. தனியார் மில் ஒன்றின் குமாஸ்தா பரீட்சைக்கு விண்ணப்பித்த நானூறு பேர் மெஷினின் மெமரியில் இருந்தார்கள். பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் ஆள் வருவார், ஹால் டிக்கெட் அச்சாகும். ஓர் எழுத்து பிசகினாலும் வரமாட்டார்.

அந்த நானூறு பெயர்களையும் இரவு ஷிப்டில் உள்ளே ஏற்றியவன் நான், விண்ணப்பங்கள் உடனே மில்லுக்குத் திரும்பிவிட்டன. பரீட்சைக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தபோது, போலகம் கிராமத்து அமுதம் கைலாசநாதன் மேஜைக்கு முன்னால் நின்றாள். ஆறு மணிக்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவோம். டிக்கெட் இல்லாதவரைப் பரீட்சைக்கு விடமாட்டார்கள்.

"அமுதம்னு யாரும் இல்லம்மா. மெஷின் பொய் சொல்லாது."

"நான் நிக்கிறேனே சார், நான் பொய்யா?"

"காலைலேந்து ஏழு பேரு இப்படித்தான். அப்ளிகேஷனே போடாம வந்து நிக்கிறீங்க."

"ஏ, எம், ஓ, யூ, டி, ஏ, எம். கடைசியில ஒரு ஈ. அடிங்க சார்" என்றேன்.

பிரெஞ்சுக்காரன் போன பிறகும் பிறப்புச் சான்றிதழில் எங்கள் பெயர்களை அவன் வழக்கப்படியே, உகரத்துக்கு ஓ, யூ போட்டு எழுதிவந்தார்கள். சான்றிதழில் இருப்பதை அப்படியே மெஷினில் ஏற்று என்று என்னிடம் சொன்னவரும் இதே கைலாசநாதன்தான்.

அடித்தார். வந்தது.

"அமௌடேம். இது பேரா, அணைக்கட்டா?" என்று சிரித்தார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "நீ அமுதம்னுதானே சொன்ன? இது வேற ஆளு" என்றார்.

"அந்த அணைக்கட்டுக்கே டிக்கெட் குடுங்க சார். பரீட்சைய நான் எழுதிக்கிறேன்."

பிரிண்டர் கத்தி ஓய்ந்தது. அவள் கிழித்து எடுத்துக்கொண்டாள், ஆனால் போகவில்லை.

"மெஹர் பானுவத் திருப்பி அனுப்பினீங்களாமே? பஸ் ஸ்டாண்டுல அழுதுகிட்டு நிக்கிறா. அவளுக்கும் ஓ போட்டுப் பாருங்க."

நான் எழுத்து சொன்னேன். பானுவும் வந்தாள். இரண்டு டிக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு அமுதம் ஓடினாள்.

"மீதி ஆறு பேரு சார்?" என்று கேட்டேன்.

"அவங்க பேரு என்ன?"

"நீங்கதானே அடிச்சுப் பாத்தீங்க."

அவருக்கு நினைவில்லை. ஒருவருக்குப் பெரிய மீசையாம். ஒருத்தி ஊர் பட்டினச்சேரி என்றாளாம். எழுதி வைக்கவில்லை, மெஷின் இருக்கும்போது எதற்கு எழுத வேண்டும்?

"அச்சாகாததையெல்லாம் மொத்தமா எடுங்க."

"அதுக்கு லைப்ரரியில வழி இல்லப்பா. பேரக் குடுத்தாத்தான் ஆளு வரும்."

"மீசையக் குடுத்தா வராதா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக ஆறு மணிக்கு மெஷினை அணைத்தார். திரை இருண்டது, அந்த ஆறு பேரோடு நானூறு பேரும் ஒரு நொடியில் காணாமல் போனார்கள்.