வெள்ளை முகக் குட்டிகள்

முதல் குட்டி வெள்ளை முகத்தோடு விழுந்தபோது ராசிக்கு எதுவும் தோன்றவில்லை. மூக்கில் அடைத்திருந்த சளியை விரலால் வழித்தெடுத்தாள். வைக்கோலால் உடம்பைத் தேய்த்து, தாயின் முகத்துக்கு நேராகத் தள்ளிவிட்டாள். தாய் ஆடு தொண்டைக்குள்ளேயே ஏதோ பேசிக்கொண்டு நக்கத் தொடங்கியது. தொப்புளில் மருந்து தடவி நிமிர்ந்த பிறகுதான் குட்டியின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

"என்ன இது, இவ்வளவு வெளுப்பா இருக்கு?"

"தாயைக் கொண்டு பிறந்திருக்கு" என்றார் அவள் கணவர். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

ராசி என்பது அவளுக்கு வைத்த பெயரில்லை. கால் மடங்கிய குட்டியோ தலை திரும்பிய குட்டியோ, அவள் கை உள்ளே போனால் உயிரோடு வெளியே வந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. கைராசிக்காரி என்று ஆரம்பித்தது, தேய்ந்து தேய்ந்து வெறும் ராசியாகி நின்றுவிட்டது. கணவரும் அப்படித்தான் கூப்பிட்டார். கோபம் வந்தால் மட்டும் பெயரே இல்லாமல் "ஏய்" என்பார். அவருக்குக் கோபம் அதிகம் வராது. யாரிடமும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர்.

குடும்பம் பாகம் பிரிந்தபோதும் அதுதான் நடந்தது. கணவரின் அண்ணன் மந்தையில் நல்ல ஆடுகளாகப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார். பல் விழுந்த கிழடுகள் இவர்கள் பங்குக்கு வந்தன. தாய் ஒதுக்கிய கறுப்பு முகக் கிடாக்குட்டி ஒன்று மூலையில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. "இது பிழைக்காது. வேணும்னா எடுத்துட்டுப் போம்மா" என்றார் அண்ணன். ராசி அதைத் தன் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாள். அடுப்படியில் அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து, வேறொரு ஆட்டின் சீம்பாலைக் கறந்து சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள்.

அது பிழைத்தது. பிழைத்ததோடு நிற்காமல் மலை மாதிரி வளர்ந்தது. வேளைக்கு வேளை தனிக் கவனிப்பு, தனித் தீவனம், முதுகு சொறிந்துவிட ஆள். "கட்டின புருஷன் எனக்கு இல்லாத உபசாரம். மாப்பிள்ளைன்னே பேர் வெச்சிடு" என்று கணவர் ஒருநாள் சிரித்தார். அதுவே பெயராகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பிறந்த குட்டிகள் எல்லாம் மையில் முகம் கழுவிக்கொண்டு வந்தவைபோலக் கறுத்த முகத்தோடு, எலும்பு திரண்டு, விழுந்த கையோடு எழுந்து நின்று மடி தேடும். நொடித்துப்போயிருந்த வீடு அந்தக் குட்டிகளால்தான் தலைதூக்கியது.

போன இலையுதிர் பருவத்தில், கிடா சேர்க்கும் சமயத்தில், ராசியின் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். ராசி நகரத்துக்குப் போய் அந்தப் பருவம் முடியும்வரை கூடவே இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது கணவர் போன் செய்தார்.

"மாப்பிள்ளை போயிட்டான், ராசி. வயிறு ஊதிடுச்சு. நான் பார்க்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." கொஞ்சம் நிறுத்தி, "எல்லா ஆட்டுக்கும் சேர்ந்துட்டான். அந்த வரைக்கும் நிம்மதி" என்றார்.

ஒரு ஆட்டுக்காக ஆஸ்பத்திரியில் அழுவதா என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்காவைப் பார்க்க வந்தவர்கள் அக்காவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போனார்கள். வீடு திரும்பியதும் மகள் அவள் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பாப்பா என்றுதான் கூப்பிடுவது, ஆனால் அம்மாவின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட பெண். அங்கே புது மண் மேடு, சுற்றிலும் வரிசையாகக் கல். "நான்தான் அடுக்கினேன்" என்றாள் பாப்பா. ராசி அவள் தோளில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் நின்றாள்.

இப்போது இரண்டாவது ஆடு குட்டி போட்டது. இரட்டை. இரண்டும் வெள்ளை முகம். எலும்பும் தோலுமாக இருந்த அவற்றைத் தூக்கி நிறுத்தி, வாயைத் திறந்து காம்பை வைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆடும் வெள்ளைக் குட்டிதான் போட்டது. ராசி குட்டிகளை உலர்த்தினாள், மடியைப் பீய்ச்சிக் காம்பின் அடைப்பு எடுத்தாள், நஞ்சுக்கொடி விழுந்ததா என்று பார்த்தாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. மனம் மட்டும் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. தாயைக் கொள்ளலாம், ஒன்று கொள்ளலாம். எல்லாமே கொள்ளுமா?

முற்பகலில் ஒரு இளம் ஆடு முக்கி முக்கிக் களைத்துப்போய்ப் படுத்துவிட்டது. பாப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ள, ராசி முழங்கை வரை சோப்பு நுரை பூசிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். ஒரு கால் பின்னால் மடங்கியிருந்தது. மெல்ல நீவி முன்னால் கொண்டுவந்து, ஆடு முக்கும்போது இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது குட்டி. அதற்கும் வெள்ளை முகம். நெற்றியில் சுருள் மயிர்.

அந்தச் சுருளை ராசி பார்த்திருக்கிறாள். கணவரின் அண்ணன் வீட்டு வெள்ளைக் கிடாவுக்கு நெற்றியில் அதே சுருள். நோஞ்சான் குட்டியாகப் பிறக்கிறது என்று ஆண்டுதோறும் அவர் அலுத்துக்கொள்ளும் கிடா.

"பாப்பா, இது யார் குட்டி?"

பாப்பா ஆட்டின் கழுத்தை விடவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது.

"உன்னைத்தான் கேக்கிறேன்."

"அப்பா சொல்லக் கூடாதுன்னாரும்மா."

ராசி வைக்கோல் மேல் அப்படியே உட்கார்ந்தாள். குட்டி தும்மியது. அதைத் துடைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து துடைத்தாள்.

"சொல்லு."

"பெரியப்பா வந்து கேட்டார். ஒரு சீசனுக்குக் குடு, என் கிடாவை நீ வெச்சுக்கோன்னார். அப்பா குடுத்துட்டார். அப்புறம் அந்தக் கிடாவை மட்டும் பெரியப்பா ஓட்டிட்டுப் போனார். மாப்பிள்ளையைத் திருப்பித் தரல. அடுத்த வருஷமும் என்கிட்டேயே இருக்கட்டும்னுட்டார். நீ வந்தா சண்டையாயிடும்னு..."

"செத்துட்டான்னு சொன்னீங்க."

பாப்பா அழ ஆரம்பித்தாள்.

"அந்த மேட்டுக்கு அடியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. மண்ணுதான்."

கணவர் சொன்ன பொய்யை ராசியால் எங்காவது வைக்க முடிந்தது. அண்ணன் முன்னால் வாய் திறக்காத மனிதர், கோழை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பெண் கல் பொறுக்கி அடுக்கியிருக்கிறாள். தோளைக் கொடுத்து நின்றிருக்கிறாள். அழும் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்திருக்கிறாள். அந்தக் கையைப் பார்த்தாள். ஆட்டின் கழுத்து மயிருக்குள் புதைந்திருந்தது.

"குட்டியை மடியில விடு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. சுவரில் தொங்கிய கயிற்றை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். கணவர் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த கயிற்றையும் முகத்தையும் பார்த்தார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

அண்ணன் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். வேலியோரம் வரும்போதே கண்ணில் பட்டது. வெயில் விழுந்த புல்வெளியில் கறுப்பு முகக் குட்டிகள் கூட்டமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. கொழுகொழுவென்று, கால்களுக்குக் கறுப்புக் காலுறை போட்டதுபோல. எல்லாம் அவள் வீட்டுக் கிடாவின் குட்டிகள்தான்.

கணவரின் அண்ணி புட்டிப்பாலோடு வந்தவள் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"வா வா. நீயே வந்துட்டியா? எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். உன் மனசு யாருக்கு வரும்?"

"என்ன நன்றிக்கா?"

"கிடாவைக் குடுத்தியே. பெத்த பிள்ளை மாதிரி வளர்த்ததைத் தூக்கிக் குடுத்திருக்கா, நீங்க ஒரு வார்த்தை நல்லதா சொல்ல மாட்டேங்கிறீங்கன்னு அவரையே திட்டினேன். அதுக்குத்தானே உனக்கு அந்தக் கம்பளி பின்னி அனுப்பினேன்?"

அந்தக் கம்பளியைத் துக்கம் விசாரிக்க அனுப்பியது என்று நினைத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள் ராசி. குளிர்காலம் முழுக்க.

"நான் குடுக்கலக்கா. எனக்கு அவன் செத்துப்போயிட்டான்னு சொன்னாங்க."

அண்ணியின் கையிலிருந்த புட்டி சரிந்து பால் காலில் வழிந்தது. அவளுக்குத் தெரியாது என்பது பார்த்தாலே புரிந்தது. "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு தானே முன்னால் நடந்து கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டாள்.

மாப்பிள்ளை கொட்டகைத் தடுப்புக்குள் நின்றிருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், கொம்பில் சேறு. ராசிக்குக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டு வராமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? அவன் அசைபோட்டபடியே பார்த்தான். பிறகு வந்து அவள் கையை முகர்ந்தான். அடையாளம் தெரிந்து வந்தானா, கையில் ஒட்டியிருந்த தீவன வாசனைக்கு வந்தானா என்று அவள் ஆராயவில்லை. கயிற்றைக் கழுத்தில் போட்டாள்.

அதற்குள் கணவரின் அண்ணன், பெரியவர், வந்துவிட்டார்.

"என்னம்மா இது, ஒரே குடும்பத்துக்குள்ள? தம்பி மனசாரக் குடுத்தான். என் மந்தையிலிருந்து போனதுதானே இது?"

"பிழைக்காதுன்னு நீங்க தூக்கிப்போட்டது, மாமா."

"இப்ப அதுக்கு என்ன? கேட்டுட்டு ஓட்டிட்டுப் போ. மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"நீங்க என்கிட்ட கேட்டீங்களா?"

பெரியவர் வழியை மறித்து நின்றார். அண்ணி அவர் கையைப் பிடித்து ஒருபக்கமாக இழுத்தாள். "போகட்டும் விடுங்க. எனக்கே உங்க முகத்தைப் பார்க்கப் பிடிக்கல." பெரியவர் எதையோ முணுமுணுத்தபடி ஒதுங்கினார்.

வரும் வழியெல்லாம் மாப்பிள்ளை வரப்போரப் புல்லை மேய்ந்து மேய்ந்து வந்தான். ராசி அவசரப்படுத்தவில்லை. ஜெயித்துவிட்டு வருகிற நினைப்பே வரவில்லை. வீடு நெருங்க நெருங்கக் கால்தான் கனத்தது. இருந்தவனைச் செத்தவன் என்று எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்மேட்டருகில் தான் நின்ற ஒவ்வொரு பொழுதும் சமையலறை ஜன்னல் வழியே இருவரும் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்?

கணவர் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ராசி, அண்ணன் கேட்டா நான் எப்படி..."

"அவர் கேட்டார், நீங்க குடுத்தீங்க. அதை நான் பொறுத்துக்குவேன். ஒரு சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். பிள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தீங்களே, அதை என்ன செய்றது?"

"நீ அழுவேன்னுதான்..."

"நான் அழுதேனே. அழலையா?"

அவர் தலையைத் தொங்கப்போட்டார். சொல்லப் போனால் அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ராசிக்கு அதைப் பார்க்க முன்பெல்லாம் மனம் இளகும். இப்போது அது உண்மையான கண்ணீர்தானா என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு ஆடு கத்தியது. வேலை யாருக்காகவும் நிற்காது. மாப்பிள்ளையைப் பழைய இடத்தில் கட்டிவிட்டு அவள் உள்ளே ஓடினாள். பெரிய குட்டி, தலை வெளியே வந்து தோள் சிக்கியிருந்தது. கணவர் ஆட்டைப் பிடித்தார், பாப்பா துணி நீட்டினாள், மூவரும் வழக்கம்போல ஒருவர் கைக்கு ஒருவர் கை கொடுத்து அதை வெளியே எடுத்தார்கள். மூச்சில்லாமல் கிடந்தது. ராசி பின்னங்கால்களைப் பிடித்து வீசினாள், நெஞ்சைத் தேய்த்தாள், மூக்கில் வைக்கோலை விட்டுக் கிளறினாள். குட்டி இருமிவிட்டு மூச்சு விட்டது.

அன்றைக்குப் பிறகு சண்டை எதுவும் நடக்கவில்லை. பெரியவர் கொஞ்ச நாள் வரவில்லை, அப்புறம் வந்தார், டீ குடித்துவிட்டுப் போனார். அண்ணி மட்டும் அடிக்கடி வந்து ராசியோடு கொட்டகையில் உட்கார்ந்திருப்பாள். பாப்பா மண்மேட்டைக் கலைத்துக் கற்களை எங்கோ கொண்டுபோய்ப் போட்டாள். சொல்லாமல் செய்தாள், ராசியும் கேட்கவில்லை. கணவர் இப்போது எங்கே போனாலும் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

பருவம் முடியும் சமயத்தில் ஒருநாள் காலையில் பாப்பா ஓடிவந்தாள்.

"அம்மா, மூலையில இருக்கிற ஆடு போட்டுடுச்சு. குட்டி நல்லா எழுந்து பால் குடிக்குது. நஞ்சும் விழுந்துடுச்சு. நான் பார்த்துட்டேன்."

"சரி" என்றாள் ராசி. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, மகளைக் கடந்து, தன் கண்ணால் பார்த்துவிட்டு வருவதற்காகக் கொட்டகைக்குள் போனாள். பாப்பா வாசலிலேயே நின்றாள்.