பதினொன்றாம் தாள்

பத்து ஒட்டுப்புள்ளிகளில் ஒன்பதை மார்லிஸ் ஒட்டிவிட்டாள். பத்தாவது புள்ளி இடது கட்டைவிரல் நுனியில் வேர்வையோடு கிடந்தது. அது நீல நிறம். அதுதான் வம்பே.

பள்ளி திறக்க இன்னும் ஐந்து நாள். மாவட்டத்தின் ஆறு பள்ளிகளிலும் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் பதினொரு பேரையும் உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் கூட்டியிருந்தார்கள். சுவரெங்கும் முப்பத்து நான்கு தாள்கள். தாளுக்கு ஒரு கணக்குப் பாடம். அத்தனையையும் ஒரே வருஷத்தில் உருப்படியாக நடத்தி முடிக்க யாராலும் ஆகாது என்பது ஒருவழியாக மேலிடத்துக்கே விளங்கியிருந்தது. ஆகவே எது தெரியாமல் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போகவே கூடாதோ, அந்தத் தாளில் புள்ளி ஒட்ட வேண்டும். அதிகப் புள்ளி விழுந்தவை கட்டாயப் பாடம். மற்றவை ‘நேரமிருந்தால்’ என்றொரு பட்டியலுக்குப் போகும். அங்கே போன பாடம் எதுவும் உயிரோடு திரும்பியதாக அந்த மாவட்டத்தில் சரித்திரம் இல்லை.

பாடத்திட்டப் பொறுப்பாளர் லொரெட்டா, பள்ளிக்கு ஒரு நிறமாக, ஆளுக்குப் பத்துப் புள்ளிகளைப் பிரித்துக் கொடுத்திருந்தாள். மற்ற பள்ளிகளில் நான்காம் வகுப்புக்கு இரண்டு பேராவது உண்டு. மார்லிஸின் சின்னப் பள்ளியில் அவள் ஒருத்திதான். சுவரில் எங்கே நீலம் இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்தால் போதும், அவள் மனசு ஊருக்கே தெரிந்துவிடும்.

போதாக்குறைக்கு லொரெட்டா ஒரு விதி வேறு போட்டிருந்தாள். “ஒரு தாள்ல யாரு முதல் புள்ளி ஒட்டுறீங்களோ, அந்தப் பாடத்தை அவங்கதான் செப்டம்பர்ல மத்தவங்க முன்னாடி நடத்திக் காட்டணும். சும்மா ஒட்டிட்டுப் போய் உக்காந்துக்கலாம்னு பாக்காதீங்க.”

பதினொன்றாம் தாள்: பின்னங்களை ஒப்பிட்டு, எது பெரிது, ஏன் என்று சொல்வது.

மார்லிஸ் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால், மேலும் கீழும் குறுக்கே பெருக்கினால் விடை வந்துவிடும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து, “ஏன் டீச்சர் குறுக்க பெருக்குறோம்?” என்று கேட்டாள். மார்லிஸ் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. இருபத்தாறு ஜோடிக் கண்கள் அவளையே பார்த்தன. மணி அடித்துக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை மே மாதத்துக்குத் தள்ளினாள். மே மாதம் ஒருநாளும் அதற்கு இடம் கொடுத்ததில்லை. பத்தொன்பது வருஷ அனுபவமுள்ள ஆசிரியைக்கு நான்காம் வகுப்புக் கணக்கு தெரியாது என்பதை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு சில்லி என்னும் காரமான கறிக் குழம்பும், இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும் வந்தன. பக்கத்தில் உட்கார்ந்த டானா, பெரிய பள்ளிக்காரி, ரோலை சில்லியில் தோய்த்துக்கொண்டே கேட்டாள். “என்ன மார்லிஸ், சாப்பாட்டத் தொடவே இல்ல?”

“வயிறு சரியில்ல.”

“இந்த லொரெட்டா முகத்தப் பாத்தா யாருக்குத்தான் சரியா இருக்கும்?”

மார்லிஸ் சிரித்து வைத்தாள். மற்றவர்கள் பதினொன்றாம் தாளை நிரப்பியிருப்பார்கள், நீலம் மட்டும் இருக்காது, லொரெட்டா அதைப் பார்ப்பாள், ஏன் என்று கேட்பாள் என்று காலையிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போகும், அதைவிட மானம் போகும்.

சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருவர் வந்து சுவரைப் பார்வையிட வேண்டும். நாம் அனுப்பும் பிள்ளைகளை வாங்கிக்கொள்கிறவர்கள் அவர்கள்தானே. ஆறு பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புகளும் நகரத்தின் நடுநிலைப் பள்ளியில் இருந்தன. அங்கிருந்து வெண்டல் வந்தார். நெட்டையான மனிதர். தாள்தாளாக நடந்து பதினொன்றின் முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். மார்லிஸுக்கு வேறு வழியில்லாமல் பார்க்க வேண்டியதாயிற்று.

தாள் வெறுமையாக இருந்தது. நீலம் மட்டுமல்ல, ஒரு நிறமும் இல்லை.

முதலில் அவளுக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம். பாடம் ‘நேரமிருந்தால்’ பட்டியலுக்குப் போகும், இனி யாரும் கேட்கப் போவதில்லை. இப்படி நினைத்ததற்கு அடுத்த நொடியே வெட்கப்பட்டாள்.

“இதை யாருமே எடுக்கலையா?” என்றார் வெண்டல். கோபமே இல்லாத குரல். “ஒவ்வொரு வருஷமும் நவம்பர் வரைக்கும் நான் இதோடதான் மல்லுக்கட்டுறேன். போன வருஷம் ஒரு பரீட்சை வெச்சேன். ஒரு பொண்ணு விடை எழுதல. அந்த இடத்துல ‘டீச்சர் இதை அப்புறமா சொல்லித் தர்றேன்னாங்க’ன்னு எழுதியிருந்தா. அதுக்கு நான் என்ன மார்க் போடுறது?”

எந்தப் பள்ளிப் பெண் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ‘அப்புறமா’ என்பது மார்லிஸ் வருஷா வருஷம் வகுப்பில் சொல்லும் சொல். அந்தப் பிள்ளை அதை நம்பிக் காத்திருந்திருக்கிறது.

லொரெட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். “அப்ப பதினொண்ணை எடுத்துடலாமா?”

லொரெட்டா தாளின் மேல் முனையைப் பிடித்தாள்.

மார்லிஸ் எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டைவிரலைத் தாளில் வைத்து அழுத்தினாள். வேர்வையில் நைந்த நீலப் புள்ளி கோணலாக ஒட்டிக்கொண்டது.

பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். திரும்பிப் பார்த்தாள். டானா தன் போன் முதுகிலிருந்து ஒரு மஞ்சள் புள்ளியை உரித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் காபிக் கோப்பை மூடியிலிருந்து, இன்னொருத்தர் உள்ளங்கையிலிருந்து. பத்துப் பேரும் ஆளுக்கொரு புள்ளியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பாடம் அவசியம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முதலில் ஒட்டி மாட்டிக்கொள்ளத்தான் ஒருவரும் தயாராக இல்லை.

“பதினொண்ணு,” என்று எண்ணி முடித்தாள் லொரெட்டா. “செப்டம்பர் பன்னெண்டு. மார்லிஸ், நடத்திக் காட்டப்போறது நீங்கதான்.” குறிப்பேட்டில் எழுதப் பேனாவைத் திறந்தாள்.

“எனக்கு அது தெரியாது,” என்றாள் மார்லிஸ். “குறுக்க பெருக்கத் தெரியும். ஏன்னு தெரியாது. நாலு வருஷமா நான் அதை நடத்தவே இல்ல. ‘அப்புறமா’ன்னு எழுதின அந்தப் பொண்ணு என் வகுப்புதான்.”

பேனா தாளின் மேல் நின்றது. அந்த முனையையே மார்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமும் அங்கேதான் தொங்கியது.

“வேற யாரு?” என்றாள் லொரெட்டா, மெதுவாக.

டானா கையைத் தூக்கினாள். “அஞ்சு வருஷம்,” என்றாள், யாரையும் பார்க்காமல். அப்புறம் மூலையிலிருந்து ஒரு கை. அப்புறம் இன்னொன்று.

லொரெட்டா எதையும் எழுதாமல் பேனாவை மூடினாள். வெண்டல் பலகைக்குப் போய் ஒரே நீளத்தில் இரண்டு பட்டைகள் வரைந்தார். ஒன்றை எட்டாகவும் மற்றதை ஐந்தாகவும் பிரித்தார்.

“எட்டுல மூணு, அஞ்சுல ரெண்டு. எது பெரிசு? குறுக்க பெருக்காம சொல்லுங்க. ஏன்னும் சொல்லணும்.”

பயம் போய்விடவில்லை, செப்டம்பர் பன்னிரண்டு அப்படியேதான் இருந்தது. மார்லிஸ் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.