மிளகுத் தரையில் ஒரு கார்

கார் விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மழையில் ஊறிய மண்ணில் கனத்த மூட்டையைப் போட்டதுபோல ஒரு 'தொம்', அவ்வளவுதான். தேத்தண்ணிக் கோப்பையோடு முற்றத்துக்கு வந்துகொண்டிருந்த ஸஹ்ரா அதைக் கண்ணால் கண்டாள். கோப்பையைக் குனிந்து படியில் வைத்துவிட்டுத்தான் ஓடினாள். அந்த நேரத்தில் எப்படி அவ்வளவு நிதானம் வந்தது என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே விளங்கவில்லை.

அவளுடைய கணவன் ஷிஃபான், முன்சக்கரத்தைக் கழற்றிய இடத்துக்கு நேரே கால்களை விரித்து நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். சக்கரம் இல்லாத பிரேக் தட்டு அவனுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே மண்ணில் புதைந்து நின்றது. காரைத் தூக்கிப் பிடிக்க வைத்திருந்த, காரோடு கூடவே வந்த சின்ன ஜெக், கைப்பிடி வளைந்து, அடியில் வைத்த பலகையோடு சேர்ந்து ஒரு பக்கம் துள்ளிக் கிடந்தது.

"கால் எங்க? காலைக் காட்டுங்க!"

"ரெண்டும் இங்கதான் இருக்கு" என்று சொல்லி அவன் சிரித்தான். காலை மெதுவாக இழுத்து, விரல்களை அசைத்துக் காட்டினான். "ஒண்ணுமில்ல ஸஹ்ரா. மண் இளகிட்டு. அவ்வளவுதான்."

ஸஹ்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. காரின் முகப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் முன்னதாக விழுந்திருந்தால், அவன் காருக்குக் கீழே கையை விட்டு, உள்ளே இருக்கும் போல்ட்டைத் தடவிக்கொண்டிருந்திருப்பான். தேத்தண்ணி ஊற்றும்போது யன்னலால் அவள் அதைப் பார்த்திருந்தாள்.

அலுவிகாரையில், பெரிய றோட்டிலிருந்து இறங்கிப் போகும் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. ஷிஃபான் சுற்றுப்புறத் தோட்டங்களில் மிளகும் சாதிக்காயும் வாங்கி, காயவைத்து, மாத்தளையில் விற்கிறவன். தண்ணீர்க் குழாயோ மின்விசிறியோ கூரை ஓடோ, எது பழுதானாலும் தானே கழற்றிப் பார்க்காவிட்டால் அவனுக்கு நித்திரை வராது. காரைப் பெரும்பாலும் ஓட்டுகிறவள் ஸஹ்ராதான். உக்குவளையில் அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அதில்தான் போய்வருவாள். பிரேக் பேட் தேய்ந்து, இறக்கத்தில் கார் அலறத் தொடங்கியிருந்தது. புது பேட் வாங்கி வந்து மாட்டப் போனபோதுதான் இப்படி ஆனது.

பக்கத்து வீட்டு றம்ஸியும் ஒழுங்கையில் போன இரண்டு பேரும் வந்து, காரை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தார்கள். சக்கரத்தை மாட்டியாயிற்று. ஷிஃபானின் உம்மா, உம்மு குல்தூம், அன்று வீட்டில் இல்லை. மகள் ஸில்மியாவைப் பார்க்க உக்குவளைக்குப் போயிருந்தார்.

"உம்மாவுக்குச் சொல்ல வேணாம்" என்றான் ஷிஃபான். "பிரஷர் கூடிரும்."

ஸஹ்ரா அதற்குத் தலையாட்டினாள். ஆனால் வேறொன்றைச் சொன்னாள். "சரியான ஜெக் ஒண்ணு வாங்காம இனி இந்தக் காருக்குப் பக்கத்துல உட்காரவே கூடாது. பிரேக் வேலை முடியும்வரைக்கும் நான் பஸ்ல போறேன்."

மறுநாள் ஷிஃபானின் கூட்டாளி றினோஸ் வந்தான். லொறி ஓட்டுகிறவன். செய்தி கேள்விப்பட்டு, தன் லொறியில் இருந்த பொட்டில் ஜெக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். போத்தல் மாதிரி நிமிர்ந்து நிற்கும், தடித்த இரும்பு.

"மச்சான், இது லொறியையே தூக்கும். ஒன்ட தீப்பெட்டிய தூக்காதா?"

ஷிஃபானின் முகம் மலர்ந்தது. ஸஹ்ரா சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு, காருக்குப் பக்கத்தில் குந்தி, அதைக் கீழே தள்ளிப் பார்த்தாள். போகவில்லை. ஜெக்கின் தலை காரின் ஓரத் தகட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

"தூக்கத்தான் செய்யும் றினோஸ் நானா. கீழ போனாத்தானே தூக்கும்?"

"டயருக்குக் கீழ ரெண்டு பலகைய வச்சி, கார அதுல ஏத்திட்டா போகும்" என்றான் றினோஸ்.

"நேத்தும் பலகைதான் வச்சாங்க."

றினோஸ், "இங்கயே கிடக்கட்டும், எதுக்கும் தேவைப்படும்" என்று ஜெக்கைப் படியோரம் வைத்துவிட்டுப் போனான். அன்றிரவு ஸஹ்ரா காரின் கையேட்டைத் தேடி எடுத்து, காரின் எடையையும் எந்தெந்த இடத்தில் ஜெக் வைக்கலாம் என்று போட்டிருந்த படத்தையும் பார்த்தாள். காலையில் அடிமட்டத்தால் நிலத்திலிருந்து தகடுவரை உயரத்தை அளந்தாள்.

சனிக்கிழமை இருவரும் மாத்தளை டவுனுக்குப் போனார்கள். முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, கிஷாந்தின் வாகனச் சாமான் கடை. கிஷாந்த் ஷிஃபானுக்கு நெடுநாள் பழக்கம். கதை முழுவதையும் ஷிஃபான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். கிஷாந்த் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"காரோட வர்ற ஜெக்கு வழியில காத்துப் போனா டயர் மாத்த மட்டுந்தான், நானா. அதை நம்பி உள்ள கை விடக் கூடாது."

அவன் ட்ரொலி ஜெக்குகள் இரண்டை வெளியே இழுத்துப் போட்டான். தாழ்வாக, சின்னச் சக்கரங்களோடு, நீளக் கைப்பிடியோடு இருந்தன. ஒன்று லேசானது. மற்றதை நகர்த்தவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஷிஃபான் லேசானதைத் தூக்கிப் பார்த்தான். ஸஹ்ரா இரண்டையும் முழுதாக இறக்கச் சொல்லி, தலைகளின் உயரத்தை அளந்தாள். பிறகு முழுதாக ஏற்றச் சொன்னாள்.

"சின்னது கீழ போகுது. ஆனா ஏத்தினா டயர் நிலத்த விட்டு எழும்புமா தெரியல" என்றாள்.

"எழும்பாது டீச்சர். எழும்பினாலும் ஸ்டாண்ட் வைக்க இடம் வராது." கிஷாந்த் அலமாரியின் அடித்தட்டிலிருந்து இரண்டு இரும்புத் தாங்கிகளை எடுத்து வைத்தான். நாலு கால், மேலே பள்ளமான தலை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கப் பல்லுப் பல்லாக நடுத்தண்டு. "ஜெக்கு தூக்குறதுக்கு. தாங்குறதுக்கு இதுதான். தூக்கின உடனே இத வச்சிட்டு, காரை இதுமேல இறக்கிறணும். இது இல்லாம ஜெக்கை மட்டும் கொண்டு போறதா இருந்தா, நானா, நான் விக்க மாட்டேன்."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்டதான் முதல்ல."

பெரிய ட்ரொலி ஜெக்கும் இரண்டு ஸ்டாண்டும் பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க ஆப்புக் கட்டைகளும் என்று முடிவாயிற்று. சாமானை முச்சக்கர வண்டியில் ஏற்றும்போது கிஷாந்த் ஒரு கேள்வி கேட்டான்.

"எங்க வச்சித் தூக்கப் போறீங்க?"

"முத்தத்துலதான்" என்றான் ஷிஃபான்.

"மண் தரையா? சரிவா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப இதையும் விழுத்தத்தான் போறீங்க. தூக்கும்போது இந்தச் சக்கரம் உருளணும் நானா. மண்ணுல புதைஞ்சி நின்னுச்சின்னா கார் ஜெக்கை விட்டு வழுக்கிரும். மட்டமான சீமெந்துத் தரை வேணும்."

வீட்டில் மட்டமான சீமெந்துத் தரை ஒன்று இருந்தது. வீட்டுக்குப் பின்னால், வெயில் நன்றாக விழும் இடத்தில், அகலமாக. அது உம்மு குல்தூமின் மிளகுத் தரை. வியாபாரத்தில் வாங்குவது விற்பதெல்லாம் மகன். காயவைப்பது மட்டும் அவருடைய ஆட்சி. செருப்புக் காலோடு யாரும் அதில் ஏற முடியாது. கோழி ஏறினால் துரத்திக்கொண்டு போவார். ஒருமுறை யாரோ ஒரு துளி மண்ணெண்ணெய் சிந்தியதற்காக அந்த மூலையில் அந்தப் போகம் முழுவதும் ஒரு மணி மிளகுகூடப் பரப்பவில்லை.

அன்று மாலை, ஸில்மியா வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த உம்மாவிடம் ஷிஃபான் கேட்டான். வெற்றிலைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கார் ஏறுறதா? மிளகுத் தரையிலயா?"

"ஒரு மூலையிலதான் உம்மா. ஒரு நாளைக்கி."

"ஒரு துளி எண்ணெய் பட்டாலும் மிளகு மணத்தைப் பிடிச்சிரும். வாங்குறவன் ஒரு பிடி அள்ளி மூக்குல வச்சிட்டுத் திருப்பிக் கொட்டிட்டுப் போவான். நீ தானே விக்கப் போற? அப்ப என்ன சொல்லுவ? எங்க உம்மாட தரையில கார் ஏத்தினோம்ண்டா?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. "அப்ப கராஜுக்கே கொண்டு போங்க. இத்தனை நாளும் முத்தத்துல செஞ்சவனுக்கு இப்ப மட்டும் என்ன வந்துச்சி?" என்று கேட்டுவிட்டு, அவர் பாக்கை வெட்டத் தொடங்கினார்.

ஷிஃபான் ஸஹ்ராவைப் பார்த்தான். சொல்லாதே என்பதுதான் அந்தப் பார்வை. அவள் ஒரு கணம் தயங்கினாள். கராஜுக்குக் கொண்டு போனால் இந்த ஒரு தடவை தப்பலாம். அடுத்த பழுதுக்கு இந்த மனிதர் மறுபடியும் அதே மண்ணில் கால் நீட்டி உட்காருவார் என்பது அவளுக்குத் தெரியும்.

"மாமி, செவ்வாக்கிழமை கார் விழுந்திட்டு" என்றாள். "முத்தத்துல. இவங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க."

பாக்குவெட்டி நின்றது.

"எங்க?"

ஸஹ்ரா டோர்ச்சை எடுத்துக்கொண்டு கூட்டிப் போனாள். பிரேக் தட்டு புதைந்த இடத்தில் பிறைபோல ஒரு குழி, அதில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அதன் இரண்டு பக்கமும் ஷிஃபானின் குதிகால்கள் அழுந்திய தடம் அழியாமல் இருந்தது. உம்மு குல்தூம் குழியைப் பார்த்தார். தடங்களைப் பார்த்தார். தன் பாதத்தை ஒரு தடத்தில் மெதுவாக வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார்.

"யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். பிறகு மகனிடம் திரும்பினார். "றம்ஸிக்குத் தெரியும். றினோஸுக்குத் தெரியும். கடைக்காரனுக்கும் தெரியும். பெத்தவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. அப்படியா மகன்?"

"பிரஷர் கூடிரும்னுதான் உம்மா..."

"இப்ப குறைஞ்சா இருக்கு?"

அன்றிரவு அவர் மகனோடு பேசவில்லை. சாப்பாட்டை ஸஹ்ராவிடம் கொடுத்து அனுப்பினார். தான் சொன்னது சரிதானா என்று ஸஹ்ராவுக்குச் சந்தேகம் வந்தது. ஷிஃபானும் முகம் கொடுக்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விடிந்து அவள் பின்பக்கம் போனபோது, மிளகுத் தரையின் வாசல் பக்க மூலை கூட்டித் துடைத்திருந்தது. பரப்பியிருந்த மிளகு முழுவதும் மற்றப் பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டு, தார்ப்பாய்ப் படங்கால் மூடியிருந்தது. அட்டைப் பெட்டிகளைக் கிழித்து விரித்துக்கொண்டிருந்தார் உம்மு குல்தூம்.

"டயரைக் கழுவிட்டு ஏத்தச் சொல்லு மகள்" என்றார். "அட்டைய விட்டு ஒரு சாண் அங்கால போகக் கூடாது. வேலை முடியும்வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தும்விட்டார்.

ஷிஃபான் அன்றைக்கு ஒவ்வொன்றாகச் செய்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பின்சக்கரங்களுக்கு ஆப்புக் கட்டை வைத்தான். கார் நிலத்தில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டான். ஸஹ்ரா கையேட்டுப் படத்தைப் பார்த்து இடம் சொன்னாள். முன்பக்கம் நடுவில் குறுக்கே போகும் தடித்த இரும்புக்குக் கீழே ட்ரொலி ஜெக் போயிற்று. கைப்பிடியை அமுக்க அமுக்கக் காரின் முகம் மெல்ல மெல்ல உயர்ந்தது. ஜெக்கின் சின்னச் சக்கரங்கள் தரையில் ஒரு விரல் அளவு தாமே உருண்டன. இரண்டு பக்கமும் ஸ்டாண்டை வைத்தான். காரை அவற்றின்மேல் இறக்கவேண்டியதுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து றினோஸ் ஒழுங்கையிலிருந்து கூப்பிட்டான். ஷிஃபான் எழுந்து போய் ஏதோ பேசிவிட்டு வந்தான். வந்தவன் இறக்குவதை மறந்து, நேரே சக்கரத்தைக் கழற்றப் போனான்.

"இறக்கல்ல நீங்க" என்றாள் ஸஹ்ரா.

அவன் நிமிர்ந்தான். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். கார் தானாகவே ஒரு விரல் கட்டை இறங்கி, இரண்டு ஸ்டாண்டுகளின் தலையிலும் உட்கார்ந்தது. அதற்குமேல் அசையவில்லை. ஜெக்கின் தலை மட்டும் காரை விட்டு விலகி, இன்னும் மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. அதன் அடியில் அட்டையில் எண்ணெய் ஊறிப் பரவியது.

"என்ன அது சத்தம்?" என்று கதிரையிலிருந்து எழும்பினார் உம்மு குல்தூம்.

"புது ஜெக் கசியுது உம்மா" என்றான் ஷிஃபான். ஸ்டாண்டைக் கையால் தொட்டுப் பார்த்தான். காரின் முகப்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். கார் மலைபோல நின்றது. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை சிரித்தவன் இப்போதுதான் தன் கால்களைத் தடவிப் பார்த்தான். ஸஹ்ரா பக்கத்தில் போய் உட்கார்ந்து, எண்ணெய் பட்ட அவன் கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். மாமி முன்னால் அவள் அப்படிச் செய்ததில்லை. மாமி மிளகை மூடிய படங்கைச் சரிசெய்யப் போய்விட்டார்.

அவன் எழுந்த பிறகு பேட் மாற்றுகிற வேலை ஒழுங்காகவே நடந்தது. இரண்டு பக்கமும் முடித்துச் சக்கரங்களையும் மாட்டியான பிறகுதான் கேள்வி வந்தது, ஸ்டாண்டிலிருந்து காரை இறக்குவது எப்படி? கசிகிற ஜெக்கை நம்ப முடியாது. ஸஹ்ராதான் படியோரம் போய் றினோஸின் பொட்டில் ஜெக்கை எடுத்து வந்தாள். கார் உயரமாக நின்றதால் இப்போது அது சுகமாகக் கீழே போயிற்று. காரை ஒரு துளி உயர்த்தி, ஸ்டாண்டுகளை உருவி, மெதுவாக இறக்கினார்கள்; டயர்கள் நிலத்தில் ஊன்றியதும், இதற்குள் உள்ளே வந்திருந்த றினோஸும் ஷிஃபானும் முகப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க, ஸஹ்ரா ஜெக்கை இழுத்தெடுத்தாள். றினோஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"நான் சொன்னேன் தானே, தூக்கும்னு!"

"நீ ஒரு பலகைக் கதையும் சொன்ன" என்றான் ஷிஃபான். அன்று அவன் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை கிஷாந்த் ஜெக்கைப் புரட்டிப் பார்த்து, உள்ளே ரப்பர் வளையம் ஒன்று கிழிந்திருப்பதைக் காட்டிவிட்டு, வேறொன்றை எடுத்துக் கொடுத்தான். கடை வாசலில் தன் காரின் கீழேயே வைத்துத் தூக்கி, தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அது இறங்குகிறதா என்று பார்த்துத்தான் அனுப்பினான். இரண்டு கிழமை கழித்து, பக்கத்து வீட்டு றம்ஸி வந்தான். தன் வேனின் பின்சக்கரத்தில் ஏதோ சத்தமாம்.

"ஷிஃபான் இல்லையா மாமி? அந்த ஜெக்கை ஒருக்கா தந்தீங்கண்டா, எங்க முத்தத்துலயே வச்சிப் பார்த்திட்டுத் தந்திருவேன்."

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்த ஸஹ்ரா தலை நிமிர்ந்து பார்த்தாள். உம்மு குல்தூம் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைக்கவில்லை.

"ஜெக்கு தரமாட்டோம் மகன். மிளகை அள்ளினதும் நாளைக்கிப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வேனை இங்க கொண்டு வா. டயரை நல்லாக் கழுவிட்டு வா. வரும்போது அட்டை கொண்டு வர மறந்திராத."