பதினாறு மோட்டாரும் ஒரு பட்டன் போனும்

சத்தியவேடு பக்கத்து அந்த ஊரில் மோட்டார் ஓட்டும் மூன்று பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரே டிரான்ஸ்ஃபார்மரை நம்பியிருந்த பதினாறு விவசாயிகளும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார்கள். கரண்ட் வந்ததும் பதினாறு மோட்டாரும் தானாக, ஒன்றாக ஓடத் தொடங்கும். அந்தச் சுமையில் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு முறை எரிந்துவிட்டது. வேர்க்கடலை காய் பிடிக்கும் நேரம். இன்னொரு முறை எரிந்தால் விளைச்சல் போச்சு.

திருப்பதியில் கம்ப்யூட்டர் படித்த ரூபா ஒரு வழி கண்டாள். பழைய லேப்டாப், பட்டன் போன், இரண்டையும் இணைக்க ஒரு கேபிள். மெசேஜ் அனுப்பும் மென்பொருள் இணையத்தில் இலவசம். யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து திருத்திக்கொள்ளலாம். போனின் சார்ஜரை மோட்டார் லைனில் சொருகினாள். சார்ஜ் ஏறினால் கரண்ட் வந்துவிட்டது என்று பொருள். உடனே எட்டுப் பேருக்கு மெசேஜ். இரண்டு மணி நேரம் கழித்து மற்றவர்களுக்கு. ஆட்டோ ஸ்டார்ட்டரை மட்டும் எல்லோரும் கழற்றிவிட வேண்டும்.

"ஒரு நாளு பாக்குறேன்," என்றார் பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலை போட்டிருந்த சிட்டிபாபு. "அப்பால பழையபடி மாட்டிடுவேன்."

மறுநாள் மெசேஜ் போனது. எட்டு மோட்டார் மட்டும் ஓடின. அவளுடைய நைனா கங்கையா வாய்க்காலில் நின்று சிரித்தார்.

பிறகு ரூபாவின் பட்டன் போன் அடிக்கத் தொடங்கியது. தண்ணீர் பாய்ச்சி முடித்தவர்கள் அதைச் சொல்ல மிஸ்டு கால் கொடுத்தார்கள். காத்திருந்தவர்கள் முறை வந்ததா என்று கேட்க மிஸ்டு கால் கொடுத்தார்கள். அடித்துக்கொண்டே இருந்த போனிலிருந்து இரண்டாவது மெசேஜ் போகவில்லை.

முறைக்குக் காத்திருந்த சிட்டிபாபு ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இன்னா ரூபா, கரண்டு போயிடும்மா!"

"டேய் சிட்டி, நீயே எத்தினி வாட்டி அடிச்சே?" என்றார் கங்கையா.

"அது பதிலே சொல்லல, அதான் அடிச்சிக்கினு இருந்தேன்!"

ரூபா நிமிர்ந்தாள். மிஸ்டு காலுக்குக் காசு ஆகாது. அடித்தவர் எண் மட்டும் தெரிந்தால் போதும்.

"கொஞ்சம் இரு மாமா."

மென்பொருளைத் திறந்து சில வரிகள் எழுதினாள். எந்த அழைப்பு வந்தாலும் உடனே துண்டி. முதல் எட்டுப் பேரில் ஒருவர் அழைத்தால் அவர் முடித்துவிட்டார்; அவருக்கு அடுத்த கொல்லைக்காரருக்கு மெசேஜ் அனுப்பு.

"நைனா, நம்முது முடிஞ்சிதா? ஒரு மிஸ்டு கால் குடு."

கங்கையா கொடுத்தார். சிட்டிபாபுவின் சட்டைப்பை அதிர்ந்தது. படித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

சற்று நேரத்தில் அவர் கொல்லையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஆட்டோ ஸ்டார்ட்டர் லேப்டாப் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுத்துப்போக அவர் திரும்பி வரவேயில்லை.