நாலாவது கேசட்

சவப்பெட்டியின் மூடியைத் தூக்கியவர்கள் அதைத் திரும்பவும் சுவரில் சாய்த்து வைத்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் மூடக்கூடாது. கோடிச் சேலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டது. அதைக் காகிதத்தோடு அக்குளில் இடுக்கிக்கொண்டு, இன்பத்தின் அண்ணன் தேவஇரக்கம் பந்தல் காலைப் பிடித்தபடி தெருவில் நின்றான். தங்கையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீயே போயிக் கூப்பிடு," என்றார் அருளப்பனின் சித்தப்பா ஐயாதுரை. "உனக்கு மச்சான் மட்டுமா? கூட்டாளியும்லா."

இன்பத்தின் கணவன் அருளப்பன் எழுந்து போனான். மனைவியோடு மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தபோது போட்டிருந்த அதே சட்டை. செருப்பைத் தேடவில்லை. தார் சுட்டது. நகர்ந்து நிற்கத் தோன்றவில்லை.

பந்தலடியில் காளிராஜும் நின்றான். மூவரும் ராஜபாளையம் கல்லூரியில் ஒரே வகுப்பு. ஊரே சினிமாப் பாட்டுக் கேட்டபோது, 'கிரே ஆன்வில்' என்ற வெளிநாட்டு ஹெவி மெட்டல் குழுவின் கேசட்டுகளை மதுரைக்குப் போய்த் தேடி வாங்கியவர்கள். அந்தக் குழு எப்போது தன் பழைய சத்தத்தை விட்டது என்பதில் அன்றிலிருந்து தகராறு. இரண்டாவது கேசட்டிலேயே என்பான் காளிராஜ். நாலாவது கைக்கு வந்தபின், அதில்தான் என்பான் தேவஇரக்கம். மாறவே இல்லை என்பான் அருளப்பன். ஒருமுறை தேவஇரக்கத்தின் வீட்டில் இதற்காகக் கண்ணாடி டம்ளர் பறந்தது. சில்லைப் பொறுக்க வந்தவள்தான் இன்பம். "மூணு பேரும் செவிடு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"உள்ள வா மச்சான்," என்றான் அருளப்பன்.

தேவஇரக்கம் அவனைப் பார்க்கவில்லை.

"நாலாவதுலதான் மாறினானுவ," என்றான்.

இதுவா நேரம் என்று காளிராஜ் அவன் தோளைத் தொட்டான். தேவஇரக்கம் கையைத் தட்டிவிட்டான்.

"இவன் வாயால சொல்லட்டும். பொறவு கோடி போடுதேன்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நிலத் தகராறு போல என்று யாரோ முணுமுணுத்தார்.

அருளப்பன் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் பழக்கத்தில் பேசிவிட்டது. நாலாவதைப்போல வேகமாக அவர்கள் எதையும் வாசித்ததில்லை என்றான். காளிராஜும் சேர்ந்துகொண்டான். அவனும் இந்த வீட்டில்தான் அதைக் கேட்டிருந்தான். டிரம் அடித்தவனுக்கு மூச்சு முட்டியிருக்கும் என்றான்.

"வேகமா? ஒவ்வொரு பாட்டும் இழுக்கு. பாடுதவன் குரலு கெணத்துக்குள்ள கெடக்கு. கடைசிப் பாட்டு பொணம் தூக்கிட்டுப் போற மாதிரி நடக்கு. இன்பம் பதிஞ்சு குடுத்த கேசட்டுலே. அது பொய் பேசுமா?"

அருளப்பனுக்கு அந்தக் கேசட் நினைவுக்கு வந்தது.

போன பொங்கலுக்கு முன்னால் அண்ணனுக்கென்று அவள் பதிந்தது. பேட்டரியில் ஓடும் சின்ன பிளேயரில் அருளப்பனின் கேசட்டைப் போட்டு, ஒயர் மாட்டிப் பெரிய செட்டில் பதிந்தாள். புது பேட்டரி வாங்கி வருகிறேன் என்று அவன் சொன்னதற்கு வேண்டாம் என்றாள். தீர்ந்த பேட்டரியைக் காம்பவுண்டுச் சுவரில் வெயிலுக்கு வைத்து, இன்னும் ஒரு தடவை ஓடும் என்று எடுத்துப் போடுவது அவள் வழக்கம். வெயிலில் காய்ந்த பேட்டரி கொஞ்ச நேரத்தில் தளர்ந்திருக்கும். பிளேயர் மெதுவாகச் சுற்றியிருக்கும். பாட்டு இழுத்தது இழுத்தபடியே பதிவாகியிருக்கும். அவள் அடுப்படியில் இருந்தாள். போட்டுக் கேட்டுப் பார்க்காமலே கொடுத்தனுப்பினாள்.

இதைச் சொன்னால் போதும். தகராறு முடிந்துவிடும்.

"உனக்கு எதுதாம்லே தெரிஞ்சுது?" தேவஇரக்கத்தின் குரல் தணிந்தது. "சத்தம் மாறினது காதுக்குத் தெரியல. அவ கண்ணு மஞ்சளானது கண்ணுக்குத் தெரியல. எங்கம்மா பஸ்ஸ விட்டு எறங்கி வந்து, வாசப்படியில நின்னே கண்டுபிடிச்சா. நீ கூடவே இருந்தியே."

காளிராஜ் தேவஇரக்கத்தின் சட்டையைப் பிடித்தான். அருளப்பன் அந்தக் கையை எடுத்துவிட்டான்.

"நாலாவதுலதான்," என்றான்.

"என்னது?"

"நாலாவதுலதான் மாறினானுவ. எனக்குத் தெரியல."

தேவஇரக்கம் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு உள்ளே போனான். காகிதம் கிழியும் சத்தம் கேட்டது. அதையடுத்து இன்பத்தின் அம்மாவின் அழுகை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து தேவஇரக்கம் வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கிருந்தே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டான். வருகிற வழியில் காளிராஜும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

"இத்தன வருசம் மல்லுக்கட்டிட்டு, கடைசியில அவன் சொன்னதுக்குத் தலையாட்டிட்ட," என்றான்.

அருளப்பன் முன்னால் நடந்தான்.

வாசலில் வாளியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். கால் கழுவிக்கொண்டான். காம்பவுண்டுச் சுவரில் நாலு பேட்டரிகள், மதுரைக்குப் போகுமுன் அவள் வைத்தது வைத்தபடி நின்றன. பந்தலின் நிழல் அவற்றின்மேல் விழுந்திருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்து, வெயில் மிச்சமிருந்த மூலைக்கு மாற்றி வைத்தான்.