மூன்றாம் படி

எஸ்டேட் சூப்பர்வைசர் பிரதீப் ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்தான், மத்தியாஸின் இடது கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில். மத்தியாஸின் மனைவி ரோசி அதை எடுத்துத் தரையில் வைத்தாள். சூப்பர்வைசர் தொழிலாளர் லயத்துக்குள் வருவது இதுதான் முதல் தடவை.

ஏலக்காய் ஸ்டோரில் மூட்டையோடு ஏறும்போது மூன்றாம் படியின் பலகை முறிந்து மத்தியாஸ் விழுந்தான். எலும்புதான் உடைந்தது. போடியில் எலும்புக்கட்டு வைத்தியர் மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டினார். கட்டுக்குள்ளேயே கால் கறுத்தது. பிறகு தேனி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“கால் மரத்துப்போச்சுன்னு வைத்தியர்ட்ட சொன்னீங்களாக்கா?”

“சொன்னோம் சார். அப்படித்தான் இருக்கும்னாரு.”

“பாத்தீங்களா. விழுந்ததுக்கு எஸ்டேட் பொறுப்பு, இல்லைங்கல. கால் போனது அந்தக் கட்டால. அது வேற. லேபர் ஆபீஸ்ல கேட்டா உள்ளதச் சொல்லுங்க.”

“போடிக்கு ஜீப்பு விட்டது யாரு?” என்றான் மத்தியாஸ்.

“நீங்க கேட்டீங்க, விட்டேன்.”

மத்தியாஸ் சிரித்தான். “நான் அலறிக்கிட்டுக் கெடந்தேன் சார். டூர் போற நெலமையிலயா இருந்தேன்?”

பிரதீப் ரோசியைத்தான் பார்த்தான்.

எலும்பு முறிந்தால் மலையிறங்கிப் போடிக்குப் போய்க் கட்டுவதுதான் லயத்து வழக்கம். அவள் அப்பாவுக்கும் அங்கேதான் கட்டினார்கள். ‘ஆஸ்பத்திரின்னா கேசு, விசாரணைன்னு இழுக்கும்’ என்று முதலில் பிரதீப் சொன்னானா? ‘போடிக்கே போயிரலாம்’ என்று அவள் சொன்னது அதற்கு முன்பா, பின்பா? நேற்றுவரை அவளுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

“அந்தப் படி இப்ப எப்படி சார் இருக்கு?” என்றாள்.

“எந்தப் படி? எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வந்து பாருங்க.” எழுந்தான். “வெறகு வந்துச்சுல்ல? நான்தான் அனுப்பச் சொன்னேன். நல்லாக் காஞ்சது, ஒடனே பத்திக்கும்.”

அவன் போனபின் ரோசி அங்கேயே நின்றாள். நாலு முறை கேட்டால்தான் எஸ்டேட்டிலிருந்து விறகு வரும். இது கேட்காமல் வந்தது.

உள்ளே போனாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்த விறகில் ஒன்று மட்டும் கட்டையில்லை, பலகை. வெளியே நீண்டிருந்த முனையில் இரண்டு ஆணித்துளைகள். முறிந்த முனை தீக்குள் இருந்தது.

வெளியே இழுத்துத் தண்ணீரை ஊற்றினாள்.

“என்னடி இப்படிப் புகையுது?” என்றான் மத்தியாஸ்.

அவள் புகைக்குள் குனிந்து முறிவைத் தடவினாள். உதிர்ந்து விரலில் கறுப்பாக ஒட்டியது. மக்கிய மரமா, தீயின் கரியா, தெரியவில்லை.