அலுமாரியில் இருந்த கல்வெட்டு

“குறிப்பிடத்தக்க ஆள் இல்லையாம்! என்ட புருசன்! ஆருக்கு இல்ல எண்டு கேக்கிறன்? உங்கட கல்லாத்துக்கா, எங்கட தில்லைமுனைக்கா?”

சீதேவி அக்காவின் சத்தம் வேலியைத் தாண்டி எங்கள் கிணற்றடிக்கு வருமுன்னே நான் வேலியைத் தாண்டி அவர்கள் முற்றத்தில் நின்றேன். திவசத்துக்கு என்னையும் சொல்லியிருந்தார்கள். ஆகையால் இதை ஒட்டுக்கேட்ட கணக்கில் சேர்க்கக் கூடாது.

“மாமி, ஒருக்காக் கேளுங்க. நான் அழிக்கல்ல. நகர்த்தினன்.”

“நகர்த்தினியா? சங்கக்கடை அரிசி மூட்டையா அந்த மனிசன், அங்க இஞ்ச நகர்த்த?”

“வரைவுக்குத்தான் மாமி நகர்த்தினன். வரைவில இரிக்கு.”

“வரவும் வேணா, செலவும் வேணா. ஒழும்பு மனே. சோத்த வெச்சிட்டு ஒழும்பு.”

சாப்பிட இருந்த ஒருவனைப் பாதியில் எழுப்பிவிட்டால், எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு பேச ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். பருப்புக்கறி வாளியோடு நின்ற நானே வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுப்பப்பட்டவன் திவாகரன். பெரியகல்லாற்றுப் பையன், புவியியல் படிப்பிக்கிற வாத்தியார். சீதேவி அக்காவின் ஒரே மகள் விதுர்ஷாவுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை. மாலை போட்ட படத்துக்குள் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் வல்லிபுரம், சீதேவி அக்காவின் புருசன், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து அதற்கு முந்தின வருசம் காலமானவர். அன்றைக்கு அவருடைய ஆட்டத்திவசம், முதல் வருசத் திவசம். அது கழிந்தால் கலியாணத்துக்கு நாள் பார்ப்பது என்று இரண்டு வீட்டிலும் முடிவாகியிருந்தது.

திவசத்தைக் கெடுத்தவன் என்று யாரையாவது சொல்வதென்றால் கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த பெறாமகன் வினோஜனைச் சொல்லலாம். பந்தியில் இருந்தபடியே போனை எடுத்து, “சித்தப்பாவப் பத்தி இன்டர்நெட்டில வந்திரிக்காமே, எல்லாரும் பாருங்க” என்று பெயரைத் தட்டினான். ‘இப்பெயரில் கட்டுரை ஏதும் இல்லை’ என்று வந்தது. பேசாமல் போனை வைத்திருக்கலாம். அவன் இன்னும் தோண்டினான். ஒரு பக்கத்தில், ‘நீக்கலாம், அல்லது வரைவாக நகர்த்தலாம். குறிப்பிடத்தக்கமைக்குத் தகுந்த சான்று இல்லை’ என்று இருந்தது. அதற்குக் கீழே திவாகரன் என்று முழுப்பெயர். வினோஜன் முதல் சொல்லையும் கடைசிச் சொற்களையும் உரத்து வாசித்தான். நடுவில் இருந்ததை வாசிக்கவில்லை.

இது எங்கே தொடங்கியது என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யாரும் எழுதலாம், எழுதியதை யாரும் வந்து திருத்தலாம். நாங்கள் வேலியோரம் நின்று செய்வதைத்தான் அங்கே செய்கிறார்கள். ஒரே வித்தியாசம், அங்கே சான்று கேட்பார்கள். அதற்கு ஆட்களைப் பழக்கவென்று மட்டக்களப்பு நகரில் ஒரு பயிலரங்கு நடந்தது. பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற விதுர்ஷாவும், அவளோடு ஒரே கந்தோரில் இருக்கிற காத்தான்குடி இன்ஷிராவும் போனார்கள். படிப்பித்தவர்களில் ஒருவன் திவாகரன்.

இன்ஷிரா வாவி மீன்களைப் பற்றி எழுதினாள். மீனுக்குப் பெண்சாதி இல்லை, மகள் இல்லை, கனடாவில் பெறாமகன் இல்லை. ஒரு சண்டையும் வரவில்லை. விதுர்ஷா தகப்பனைப் பற்றி எழுதினாள். புதிதாக வருகிறவர்கள் முதலில் மணல்தொட்டி என்கிற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழக வேண்டுமாம். மணல்தொட்டி சின்னப்பிள்ளைகளுக்கு என்று நினைத்து அவள் நேரே உள்ளே இறங்கினாள்.

‘ஏழைகளின் இதயதெய்வம், வாவி தந்த வள்ளல், அமரர் வல்லிபுரம் அவர்கள்’ என்பது அவளுடைய முதல் வரி. மறுநாள் பார்த்தால் இதயதெய்வத்தைக் காணவில்லை. அதற்கடுத்து வள்ளல் போனார். பிறகு ‘அமரர்’ போயிற்று, ‘அவர்கள்’ போயிற்று. மிஞ்சியது வெறும் வல்லிபுரம். எனக்கென்றால், மனிதரைத் தெரிந்த மட்டில், அது சரியாகத்தான் பட்டது. சங்கக்கடைத் தராசில் அவர் கண் வைத்திருந்ததை விட அவர் விரல் வைத்திருந்ததாகத்தான் ஊர்க்கதை. ஆனால் அந்தப் பெரிய வெள்ளத்தில் கடை அரிசியைத் தோணியில் ஏற்றிக்கொண்டு, யாரிடமும் உத்தரவு கேட்காமல், அக்கரையில் அகப்பட்ட சனத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். அதை நானே கண்டேன்.

“அப்பாவ ஆரோ வெறும் பேரில கூப்பிட்டிரிக்காங்க” என்று விதுர்ஷா அழுதுகொண்டு திவாகரனுக்குப் போனில் கோல் எடுத்தாள். அங்கே ராசாவுக்கும் வெறும் பெயர்தான், புகழ்ச்சி எழுதக் கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும் என்று அவன் பொறுமையாகச் சொன்னான். அடுத்த நாளும் சந்தேகம் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. சான்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியவர்கள் சான்றில்லாத விஷயங்களையும் கதைத்திருக்க வேண்டும். மாரி மழை தொடங்குமுன்னே பெரியகல்லாற்றிலிருந்து பெண் கேட்டுப் பேச்சுக்காலுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். தாய்வழிக் குடி பார்த்தார்கள். வேறு வேறு குடி, தடை இல்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கிற வழக்கம்தானே எங்களுக்கு. சீதேவி அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை இறக்கி, சுவர் பூச மேசனையும் பிடித்துவிட்டார்.

கட்டுரைக்கு மட்டும் சான்று இல்லாமல் கிடந்தது. தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், ‘வைகைக்கரை’ என்ற பெயரில் எழுதுகிறவர், வந்து சான்று கேட்டார். விதுர்ஷா யோசித்தாள். அச்சில் அப்பாவைப் பற்றி என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்றுதான். போட்டாள்: ‘சான்று: வல்லிபுரம் கல்வெட்டு.’

வைகைக்கரைக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ‘அரிய செய்தி! கல்வெட்டு எந்த நூற்றாண்டு? எங்கே உள்ளது?’ என்று கேட்டார்.

‘எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது’ என்று எழுதினாள் விதுர்ஷா.

‘கல்வெட்டை வீட்டில் வைத்திருப்பது தவறு. உடனே தொல்லியல் துறைக்கு அறிவியுங்கள்’ என்றார் அவர்.

விதுர்ஷாவுக்கு வந்ததே கோபம். ‘அப்பாவின் கல்வெட்டை நாங்கள் ஏன் அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும்? இன்னும் கனக்க அடித்து வைத்திருக்கிறோம். வேண்டுமென்றால் உங்களுக்கும் ஒன்று தபாலில் அனுப்புகிறேன்.’

கல்வெட்டைத் தபாலில் அனுப்புவதா! அந்த மனிதர் அன்றைக்கு என்ன நினைத்தாரோ. அதைப் படித்த இன்னொருவர் இடையில் புகுந்து, கட்டுரையை ‘மட்டக்களப்புக் கல்வெட்டுகள்’ என்ற பகுப்பில் சேர்த்துவிட்டுப் போனார். எங்கள் வல்லிபுரம் பழங்கால மன்னர்களோடு ஒரே வரிசையில் கொஞ்ச நாள் இருந்தார்.

தொல்லியல் என்ற சொல் விழுந்தவுடன் திவாகரன் பயந்துபோனான். காணியையே எழுதி எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் அடுப்பில் சோறு கருகும். ஆகவே கட்டுரையைப் பற்றிக் கதைக்கிற பேச்சுப் பக்கத்தில் அவன் விளக்கம் எழுதினான்: ‘இலங்கைத் தமிழர் வழக்கில் கல்வெட்டு என்பது இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் குடும்பத்தார் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு நூல். படமும் புலம்பல் பாட்டும் இருக்கும். கல்லில் வெட்டியது அன்று.’

உண்மைதான். ஆனால் அந்த உண்மையோடு கட்டுரைக்கு இருந்த ஒரே சான்றும் போயிற்று. வீட்டார் தங்கள் ஆளைப் பற்றித் தாங்களே அடித்த புத்தகம் அங்கே செல்லாதாம். வைகைக்கரை வெட்கத்திலோ கோபத்திலோ நீக்கல் அறிவிப்பை மாட்டினார். திவாகரன்தான் குறுக்கே விழுந்து, அழிக்கவிடாமல், விதுர்ஷாவின் பெயரின் கீழே, இன்னும் வெளியிடாத வரைவாக நகர்த்தி வைத்தான்.

இதை அவளுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கத்தைய விஷயத்தை அங்கேயே, எல்லாரும் பார்க்கத்தான் பேச வேண்டும் என்பது அந்த இடத்து ஒழுங்காம். அவளுடைய பேச்சுப் பக்கத்தில் ஒழுங்காக எழுதி, ஒழுங்காகக் கையெழுத்தும் வைத்தான். அவள் பக்கத்தில், செய்தி வந்ததைக் காட்டும் மணிப் படத்தில் சிவப்பாக இலக்கம் விழுந்திருந்தது. ஆனால் பேச்சு என்றால் எங்கள் ஊரில் இரண்டுதான். ஒன்று கலியாணப் பேச்சு, மற்றது வாங்கிக் கட்டுகிற பேச்சு. முன்பின் தெரியாத ஆட்களிடம் பேச்சு வாங்கி வாங்கி வெறுத்துப்போய், அவள் அந்த மணியை அமத்தித் திறப்பதையே விட்டிருந்தாள்.

இப்போது திவச வீட்டுக்கு வாருங்கள். எழும்பின திவாகரன் கையும் கழுவாமல் நின்றான். கதவுக்குப் பின்னால் விதுர்ஷா.

“விது, நீங்களாவது மாமிக்குச் சொல்லுங்க. வரைவு எண்டா என்னெண்டு.”

“எனக்குத் தெரியா” என்றாள் அவள். உண்மையிலேயே தெரியாது. “அப்பாட பேருக்கு நேர நீக்கலாம் எண்டு எழுதினது நீங்கதானே?”

“ஓம். ஆனா…”

“கையெழுத்து உங்கடதானே?”

“என்டதான்.”

“அப்ப வேறென்ன கதை?”

வேறு யாராவது என்றால், அது நான் இல்லை, யாரோ என் பெயரில் போட்டது என்றாவது ஒரு பொய்யைச் சொல்லித் தப்பியிருப்பார்கள். நான் என்றால் சொல்லியிருப்பேன். இவன் படியிறங்கிப் போனான். கொண்டுவந்த பழத்தட்டத்தை விடுவதா எடுப்பதா என்று அவன் தாய் தடுமாறி நின்று, கடைசியில் எடுத்துக்கொண்டே போனார்.

“வரைவெண்டா அழிச்சதில்ல புள்ள. ஒருக்காத் திறந்து பாரன்” என்று இன்ஷிரா கந்தோரில் எத்தனையோ தரம் சொன்னாள். விதுர்ஷா திறக்கவில்லை. “அந்தப் பக்கம் இனிப் போகமாட்டன்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பூசின பின்னறையில் சீதேவி அக்கா நெல் மூட்டை அடுக்கினார். அடுத்த வருசம் திவாகரனுக்கு மண்டூரில் கலியாணம் நடந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை. சாப்பாடு நல்லம் என்று கேள்வி.

அதற்குப் பிறகு வந்த ஆடியில், அமிர்தகழித் தீர்த்தத்தில் விதுர்ஷா எடுத்த படங்கள் சிலவற்றை இன்ஷிரா கேட்டாள், கலைக்களஞ்சியத்தில் போட. படத்தை எடுத்தவள்தான் ஏற்ற வேண்டுமாம். அதற்காகத்தான் இன்ஷிரா வீட்டில் இருந்து அவள் உள்ளே போனாள். மணி சிவப்பாகக் கிடந்தது.

“அமத்து புள்ள, கடிக்காது.”

அமத்தினாள். தகப்பனின் கட்டுரை இருந்தது. அவளுடைய பெயரின் கீழேயே, அவளுக்காகவே இருந்தது. ‘வெள்ளக் காலத்தில் சங்க அரிசியைத் தோணியில் கொண்டுசென்று வழங்கினார்’ என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. பக்கத்தில் பழைய பத்திரிகை ஒன்றின் பெயர், திகதி, பக்கம். வேறொரு நூலிலிருந்தும் ஒரு சான்று. யார் சேர்த்தார், எப்போது சேர்த்தார் என்று பார்த்தாள். சோற்றை வைத்துவிட்டு எழும்பிப் போனானே, அதற்கு அடுத்த கிழமை. நூல்நிலையத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைக் கட்டைக் கிண்டியிருக்கிறான்.

“யா அல்லாஹ், இவ்வளவும் செஞ்சிட்டு அந்தாள் ஒரு சொல்லுச் சொல்லல்லையே” என்றாள் இன்ஷிரா.

“சொன்னவர். நான்தான் வரைவெண்டா என்னெண்டு தெரியாம நிண்டன்” என்றாள் விதுர்ஷா. இன்ஷிரா என்னிடம் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் அழுதாளா என்று கேட்டேன். தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன் என்று சமாளித்துவிட்டாள்.

கட்டுரையை அவளே வெளியே எடுத்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். கூடாது. மகள் தகப்பனுக்காக அதைச் செய்தால் நலமுரண், சொந்த ஆளுக்காகச் செய்ததாகிவிடுமாம். வேறு யாராவது பார்த்துச் செய்ய வேண்டும். இந்த முறை அவள் எல்லா ஒழுங்கையும் ஒன்றுவிடாமல் படித்தாள். பிறகு திவாகரனின் பேச்சுப் பக்கத்துக்குப் போய் எழுதினாள்:

‘வணக்கம். இந்த வரைவைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். கட்டுரையில் குறிப்பிடப்படுபவர் என் தகப்பனார் என்பதை அறியத்தருகிறேன். சான்றுகள் சேர்த்தமைக்கு நன்றி. தாமதமாகப் பார்த்தமைக்கு வருந்துகிறேன். விதுர்ஷா.’

மறுநாள் பதில் இருந்தது.

‘நகர்த்தியாயிற்று. வருந்த வேண்டாம், புதுப்பயனர் எல்லாருக்கும் நேர்வதுதான். திவாகரன்.’

அரசாங்கக் கந்தோரில் இரண்டு கிளார்க்மார் கடிதம் போட்டுக்கொண்ட மாதிரி. அதற்குக் கீழே இன்றைக்கும் ஒன்றும் இல்லை. நான் அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: அங்கே எல்லாம் திறந்துதான் கிடக்கிறது. ‘வரலாறு’ என்பதை அமத்தினால் யார் எந்தச் சொல்லை எப்போது வெட்டினார், எப்போது ஒட்டினார் என்று வரிசையாக வரும். எங்கள் ஊருக்கும் அப்படி ஒன்று இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. ஆனால் அதிலும் ஒரு குறை. எழுதினதைத்தான் அது காட்டும். எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்ததைக் காட்டாது.

சில பின்னேரங்களில் சீதேவி அக்கா வேலிக்கு வருவார். “கா, அந்தப் பக்கத்த ஒருக்கா எடன்.” நான் எடுத்து வாசிப்பேன். ‘வல்லிபுரம்’ என்று தொடங்கும்போது ஒவ்வொரு முறையும் “அமரர்” என்று முன்னால் சேர்த்துக்கொள்வார். வாசித்து முடிந்ததும், “சோத்திலயிருந்து ஒழுப்பியிருக்கக் கூடாது கா” என்பார்.

இன்ஷிரா ஓட்டமாவடியில் கலியாணம் முடித்து அங்கேயே இருக்கிறாள். மீன்கள் முடிந்து இப்போது பறவைகளுக்கு வந்திருக்கிறாளாம். திவாகரன் மண்டூரில் பெண்சாதி வீட்டில், ஒரு பெண்பிள்ளை. விதுர்ஷாவுக்கு வினோஜன் தன்னுடைய கூட்டாளி ஒருவனைக் கனடாவில் பேசிக் கொடுத்தான், தான் திவசத்தில் செய்த வேலைக்குப் பரிகாரம் போல. போன தையில் போனாள். பின்னறையில் இன்னும் நெல் மூட்டைதான்.